வேரின் செவிலித்தாயைக் கண்டவர்

அல்பேர்ட் பேர்னார்ட் ஃபிராங்க், இன்றைய ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் 1839ஆம் ஆண்டு பிறந்தார். லைப்சிக்கில் தாவரவியல் கற்று, அங்கேயே உலர்தாவரச் சேகரிப்பின் காப்பாளராகப் பணியாற்றினார். 1877இல் லைக்கன்களை ஆராய்ந்தபோது, இரண்டு உயிர்கள் ஒன்றாக வாழ்வதைக் குறிக்க அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. எது எதற்கு ஒட்டுண்ணி என்று முன்கூட்டியே தீர்ப்புக் கூறாத சொல்லாக அது இருக்கவேண்டும் என்று விரும்பினார். ‘ஒன்றியவாழ்வு’ என்று நாம் பாடத்தில் படிக்கும் கருத்துக்கு அப்போதே அவர் பெயர் சூட்டிவிட்டார்.

1881இல் பேர்லின் விவசாய உயர்கல்லூரியில் பேராசிரியரானார். மண்ணுக்குள் விளையும் விலையுயர்ந்த காளானான ட்ரஃபிளைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசு அவரைக் கேட்டது. அந்த முயற்சி கைகூடவில்லை. ஆனால் அதற்காகத் தோண்டிய வேர்களை அவர் சும்மா விடவில்லை. ஓக், பீச் போன்ற மரங்களின் மெல்லிய வேர்நுனிகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நுனிகள் குட்டையாகத் தடித்திருந்தன, வேர்மயிர்களைக் காணவில்லை. அவற்றின்மேல் பங்கசு இழைகள் போர்வைபோலப் படர்ந்திருந்தன. அத்தனை மரங்களும் நலமாகவே இருந்தன.

நோயென்றால் காடே பட்டுப்போயிருக்கவேண்டுமே!

1885இல் அவர் இந்த இணைப்புக்கு ‘மைக்கோரைசா’, அதாவது பங்கசு வேர், என்று பெயரிட்டார். பங்கசு மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் எடுத்து மரத்துக்கு ஊட்டுகிறது, அது மரத்தின் செவிலித்தாய் என்றார். பங்கசு என்றாலே அழிவு என்று எண்ணிய காலம் அது. காட்டுமர நோய்களில் பெரும் புலமை பெற்ற றொபேர்ட் ஹார்ட்டிக் உட்படப் பலர் அதை ஏற்கவில்லை. ஃபிராங்க் வாதத்தை நீட்டாமல் பைன் நாற்றுகளை வளர்த்தார். வெப்பமூட்டிக் கிருமியழித்த மண்ணில் நட்டவை நலிந்தன. இயற்கை மண்ணில் நட்டவை செழித்தன. வெப்பம் மண்ணையே மாற்றியிருக்கலாமே என்றனர் மறுத்தவர்கள். அது நியாயமான கேள்விதான். அதற்கு முடிவான விடை காணுமுன் 1900இல் அவர் காலமானார்.

வேர் ஏன் அப்படிக் குட்டையாகக் கிளைத்தது என்பதை அவரால் அறிந்திருக்க முடியாது. தாவர ஓமோன்கள் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. மைக்கோரைசாப் பங்கசுகள் பல, ஒட்சின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன என்பது பின்னரே தெரியவந்தது. வேர் நீள்வதைக் குறைத்துக் கிளைகளைப் பெருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. செவிலித்தாய் பற்றிய கேள்விக்கு 1950இல் விடை கிடைத்தது. சுவீடனின் எலியாஸ் மெலின், கதிர்வீசும் பொசுபரசைப் பங்கசு இழைகளுக்குக் கொடுத்தார். அது பைன் நாற்றினுள் போய்ச் சேர்ந்திருந்தது.