கரும்பலகை முன் நின்ற குரு: தந்தை சார்லஸ் ராசின், சே.ச.

சேர்வராயன் மலைவாழ் மக்களாகிய நமக்குப் பிரெஞ்சுக் குருக்கள் புதியவர்கள் அல்லர். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரும் பிரெஞ்சுக்காரரே. ஆயினும் அந்நாட்டிலிருந்து வந்து, கல்லூரிக் கரும்பலகை முன் நின்றே குருத்துவ வாழ்வைச் செலவிட்ட ஒருவரைக் கணித உலகம் அறிந்த அளவுக்கு நம்மவர் அறியார்.

1897-இல் பிறந்த தந்தை சார்லஸ் ராசின் சேசு சபைக் குரு. பாரீசில் கணித மேதை எலி கார்ட்டானிடம் ஆராய்ந்து 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார். வான்பொருள்கள் பல ஒன்றையொன்று ஈர்த்து இயங்குவதை ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி கணிப்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்று கணத்துக்குக் கணம் மாறும் விதத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளே அதற்குக் கருவி.

1937-இல் இந்தியா வந்தவர் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் சென்னை இலயோலாவிலும் கற்பித்தார். அந்நாளில் ஆனர்ஸ் வகுப்பு என்றால் பரீட்சைக் கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பழகுவது. பின் சர்க்கார் உத்தியோகம் தேடுவது. தந்தையோ பரீட்சையைப் பெரிதாக எண்ணாமல், தம் பாரீஸ் நண்பர்களான ஆந்த்ரே வெய்ல், ஹென்றி கார்ட்டான் போன்றோர் வளர்த்த புதிய கணிதத்தை மாணவர்க்குக் காட்டினார். பெற்றோர் சிலர் கலங்கியிருப்பர் என்றே எண்ணுகிறோம். நம் மலைப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டிருப்போருக்கு அக்கலக்கம் புரியும்!

இலயோலாவில் முன்னரே பயின்று முடித்த மீனாட்சிசுந்தரம் அவருடைய நண்பரானார். சூடேறிய வறுசட்டியில் வெப்பம் பரவும் விதத்தைக் கொண்டே சட்டியின் பரப்பையும் விளிம்பின் நீளத்தையும் கணித்துவிடலாம் என்றால் நம்புவோமா? அவ்வகை உண்மையை அவரும் சுவீடன் நாட்டுப் பிளெயலும் 1949-இல் வெளியிட்டனர்.

தந்தை தாமே எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதிகமில்லை. நல்ல மாணவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் இல்லை. நரசிம்மன், சேஷாத்ரி இருவரையும் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு வழிகாட்டினார், 1953-இல் சேர்ந்தனர். நரசிம்மன் முதலில் வகைக்கெழுச் சமன்பாடுகளில் உழைத்தார். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இவர்களில் எவரும் கிறிஸ்தவர் அல்லர். திருமுழுக்குப் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவர்கள் தந்தையின் உழைப்பை அதில் காணமாட்டார்கள்.

அவ்வழியே சென்ற சி. பி. இராமானுஜம் 1974-இல் 36 வயதில் மறைந்தார். அந்தத் துயரத்தையும் காணத் தந்தை உயிரோடிருந்தார். 1976-இல் அவரும் இறைவனடி சேர்ந்தார். சேஷாத்ரி 1989-இல் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார்; அதுவே இன்று சென்னைக் கணிதக் கழகமாக நடந்து வருகிறது.