கழுத்திலே தொங்கிய காலம்

பழைய சுழியோடிக் கைக்கடிகாரங்களைச் சேர்த்து வைப்பது என் நெடுநாளைய பழக்கம். அவற்றுள் ஒன்றை அணிந்து ஒருநாள் கடலில் இறங்கினேன். காலையில் அதனை முறுக்கியபின் குமிழைத் திருகி மூட மறந்துவிட்டேன். கரையேறியபோது கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்திருந்தது. மறுநாள் முட்கள் நின்றுவிட்டன. அந்த நட்டமே, திருகி மூடும் குமிழை உலகறியச் செய்தவரின் வாழ்வை நாடிப் படிக்க என்னைத் தூண்டிற்று.

ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் 1881ஆம் ஆண்டு, ஜேர்மனியிலே பவேரியாப் பகுதியின் குல்ம்பாக் நகரிற் பிறந்தவர். 12 வயதிலே தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். உறவினர் குடும்ப வணிகத்தை விற்றுப் பிள்ளைகளை விடுதிப் பாடசாலையிற் சேர்த்தனர். கணிதமும் பிறமொழிகளும் அங்கே அவருக்குக் கைவந்தன. 1900இல் சுவிற்சர்லாந்தில் ஒரு கடிகார ஏற்றுமதி நிலையத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் எழுதுவினைஞரானார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான சட்டைப்பைக் கடிகாரங்களை முறுக்கிச் சோதிப்பதும் அவர் கடனாயிற்று.

1905இல் இலண்டன் மாநகரில் மைத்துனர் அல்பிரட் டேவிஸுடன் கூடி வணிகந் தொடங்கினார். கைக்கடிகாரம் அந்நாளிற் பெண்டிரின் அணிகலனாகவே எண்ணப்பட்டது. அத்துணைச் சிறிய பொறி சரியாக நேரங்காட்டாது என்பதே பலரின் துணிபு. வில்ஸ்டோர்ப் வாதாடவில்லை, தம் கடிகாரத்தைச் சோதனைக்கு அனுப்பினார். 1914இல் கியூ ஆய்வகம் அதனை 45 நாள்கள் சோதித்து முதல்தரச் சான்று வழங்கிற்று. 1908இல் அவர் சூட்டிய றோலெக்ஸ் என்ற பெயர் அதனால் மதிப்புப் பெற்றது.

எஞ்சிய பகை தூசியும் நீருமே. குமிழைத் திருகி மூடும் முறையைக் கண்டவர் அவரல்லர். சுவிஸ் நாட்டவர் இருவர். அதன் பெறுமதியை உணர்ந்து உரிமையை வாங்கியதே அவர் திறமை. 1926இல் வந்த அந்த நீர்புகாக் கடிகாரத்துக்குச் சிப்பி எனப் பொருள்படும் ஒயிஸ்டர் என்று பெயரிட்டார்.

அடுத்த ஆண்டு மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். வேறொருத்தி பொய்யாக உரிமை கோரியதால், இவர்மீதும் ஐயம் எழுந்தது. ஐயத்தைப் போக்க, ஒக்ரோபர் 21ஆம் நாள் மீண்டும் நீரில் இறங்கினார். வில்ஸ்டோர்ப் கொடுத்த ஒயிஸ்டர் அவர் கழுத்திலே தொங்கிற்று. பத்து மணி நேரத்துக்குமேற் குளிரோடு போராடியவரை, உணர்விழக்குந் தறுவாயிற் படகில் ஏற்றினர். நீச்சல் நிறைவேறவில்லை, கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24ஆம் நாள் டெய்லி மெயில் பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதும் அக்கடிகாரத்தின் விளம்பரமே இடம்பெற்றது. அந்தப் புகழிற் பாதி அப்பெண்ணின் வேதனைக்கு உரியது என்றே நான் கருதுகிறேன்.

நாள்தோறும் முறுக்குவோர் குமிழை மூட மறப்பதுண்டு. கை அசைவாலேயே தானாக முறுக்கேறும் பொறியை 1931இல் அவர் நிறுவனம் அமைத்தபின், குமிழை நாடோறுந் திறக்கும் தேவை ஒழிந்தது. என் பிழைக்கான மருந்து நான் பிறக்குமுன்னரே இருந்தது! 1953இல் சுழியோடிகளுக்கென 100 மீற்றர் ஆழந் தாங்கும் சப்மரினர் உருவாயிற்று. நீரிற் கழிந்த நிமிடங்களைக் கணிக்க, அதன் விளிம்பு வளையம் சுழலும்.

மனைவி 1944இல் மறைந்தார், பிள்ளைகள் இல்லை. அடுத்த ஆண்டு ஓர் அறநிலையத்தை நிறுவி, தம் பங்குகளை அதற்கே உரித்தாக்கினார். 1960 ஜனவரியில் திறியெஸ்ற் என்ற ஆழ்கடற் கலத்தின் வெளிப்புறத்தே பொருத்திய அவர் நிறுவனத்துக் கடிகாரம், ஏறத்தாழ 10,900 மீற்றர் ஆழஞ் சென்று மீண்டும் ஓடியபடியே வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அவர் ஜெனீவாவிற் காலமானார்.

பழைய கடிகாரங்களின் இறப்பர் வளையங்கள் இறுகிவிடுவதால், சேகரிப்போர் அவற்றை நீரருகே கொண்டுசெல்வதில்லை. கடலிற் சோதிக்கப்பட்டவை இன்று பட்டுப் பெட்டியில் உறங்குகின்றன. நின்றுபோன என் கடிகாரம் மட்டும் மேசைமீது கிடக்கிறது. அதுவும் ஒருநாள் சோதனைக்குப் போயிற்று. தோற்றது அதுவன்று, நான்.