பாதிரியார்களுக்குப் பாடம் சொன்ன நோயாளி

மனநோய் ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்கப்பட்ட ஒருவர், குணமாகி வெளியே வந்தால் என்ன செய்வார்? அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். பழைய கதையை யாரிடமும் சொல்லாமல் மறைப்பார்.

அமெரிக்காவைச் சேர்ந்த அன்டன் பாய்சன் அப்படிச் செய்யவில்லை. வெளியே வந்த இரண்டே ஆண்டில் இன்னொரு மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். இம்முறை நோயாளியாக அல்ல, அங்கே பணிபுரியும் பாதிரியாராக. அடுத்த ஆண்டே அங்கு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்.

நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் பணிக்கு ஆட்களைப் பயிற்றுவது இன்று ஒரு தனித் தொழில். அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்குவது அதற்கும் மேற்பட்ட தொழில். இரண்டுக்கும் வேர் பாய்சன் போட்ட அந்தச் சிறு வகுப்பில் இருக்கிறது.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

பாய்சன் 1876ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி இந்தியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து வந்தவர்; பல்கலைக்கழகத்தில் மொழிகள் கற்பித்தவர். தாயைப் பெற்ற தாத்தாவும் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பாதிரியாரும் கூட.

பையனுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்து போனார். சிறு வயதிலேயே ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று.

1897இல் பட்டம் பெற்றுக் கொஞ்ச காலம் மொழி ஆசிரியராக இருந்தார். அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து, காட்டு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.

இதற்கிடையே 1902இல் ஆலிஸ் பாச்செல்டர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் மாணவிகளுக்கான கிறிஸ்தவச் சங்கத்தில் பணிபுரிந்தவர். பாய்சன் அவர்மீது உயிரையே வைத்தார். ஆலிஸுக்கோ அப்படி ஓர் எண்ணம் இல்லை. கடைசி வரை திருமணம் நடக்கவில்லை. ஆனால் அந்த அன்பு பாய்சனின் வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டுப் போகவில்லை.

பாதிரியாராக வேண்டும் என்ற ஆசை பிறந்ததும் அந்த நாட்களில்தான். காட்டு இலாகாவை விட்டுவிட்டு, 1908இல் நியூயார்க்கில் உள்ள யூனியன் வேதசாஸ்திரக் கல்லூரியில் சேர்ந்தார். 1911இல் படிப்பு முடிந்தது. அதன்பின் சிற்றூர்ச் சபைகளில் பணி, கிராமங்களில் கணக்கெடுப்பு, முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் படைவீரர்களுக்குச் சேவை என்று ஆண்டுகள் ஓடின. எந்த இடத்திலும் அவர் வேரூன்றவில்லை.

உலகம் அழியப் போகிறது!

1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பாய்சனுக்கு வயது 43. சபை வேலை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகத் தம் சமய நம்பிக்கை என்ன என்பதை எழுத உட்கார்ந்தார்.

எழுத எழுத மனம் தடம் புரண்டது. உலகத்துக்குப் பெரிய அழிவு வரப்போகிறது, அதில் தமக்கு ஒரு முக்கியப் பங்கு இருக்கிறது என்ற எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. தாயாரும் வீட்டாரும் பயந்து போனார்கள். சில நாட்களில் அவர் பாஸ்டன் நகர மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பிறகு வெஸ்ட்பரோ அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். மனச்சிதைவு நோயில் கடுமையான வகை என்று டாக்டர்கள் முடிவு கட்டினார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது.

மனம் சற்றுத் தெளிந்ததும் பாய்சன் சுற்றுமுற்றும் பார்க்கலானார். சுற்றி இருந்தவர்களில் பலர் மூளையில் அடிபட்டவர்கள் அல்ல. குற்ற உணர்ச்சியிலும் அவமானத்திலும் தனிமையிலும் சிக்கித் தவித்தவர்கள். பாவம், மரணம், கடவுள் என்றே ஓயாமல் பேசினார்கள். ஆனால் இந்தப் பேச்சை டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்து வழிபாடு நடத்திய பாதிரியார்களுக்கோ நோயாளிகளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் ஒரு பாதிரியார், கண் உன்னைத் தவறு செய்யத் தூண்டினால் அதைப் பிடுங்கி எறி என்ற வேதவாக்கியத்தை எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். பாய்சனுக்கு உடல் நடுங்கியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாராவது அதை அப்படியே செய்துவிடுவார்களோ என்று அஞ்சினார். நல்ல மனது மட்டும் இருந்தால் போதாது, படிப்பும் வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

கூடப் படித்த நண்பர் பிரெட் ஈஸ்ட்மன் அவரைக் கைவிடவில்லை. மனோதத்துவ அறிஞர் பிராய்டின் சொற்பொழிவு நூலை அனுப்பி வைத்தார். தம்மைப் போலவே வேறு சிலரும் மனநோய்க்குள் ஒரு பொருளைத் தேடியிருக்கிறார்கள் என்று பாய்சன் அதில் கண்டார். 1922 ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து விடுபட்டார்.

டாக்டரிடம் கற்ற வித்தை

அடுத்து ஹார்வர்டில் படிக்கப் போனார். அங்கே ரிச்சர்ட் கபோட் என்ற புகழ்பெற்ற டாக்டர் இருந்தார். ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் விரிவாக எழுதி, அதை மாணவர்கள் முன்வைத்து விவாதிக்கும் முறையை நடத்திவந்தவர் அவர். பாய்சன் அந்த முறையை அவரிடம் கற்றுக்கொண்டார். டாக்டருக்குப் படிப்பவர்கள் ஆஸ்பத்திரியில் நின்று பழகுவது போலவே, பாதிரியாருக்குப் படிப்பவர்களும் பழக வேண்டும் என்று கபோட் 1925இல் கட்டுரை எழுதினார்.

1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநோய் ஆஸ்பத்திரியில் பாய்சனுக்குப் பாதிரியார் வேலை கிடைத்தது. மனநோயாளியாக இருந்தவரை அதே மாதிரி இடத்தில் வேலைக்கு வைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நோயாளிகளுக்கு உதவும் என்றால் குதிரை வைத்தியரைக்கூட வைத்துக்கொள்வேன் என்று தலைமை டாக்டர் வில்லியம் பிரையன் பதில் சொன்னாராம்!

பாய்சன் முதலில் கவனித்தது பாட்டுப் புத்தகத்தை. வழக்கமான கீதங்களில் பயமுறுத்தும் வரிகள் பல இருந்தன. கலங்கிய மனம் அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கலங்கியது. ஆகவே நம்பிக்கையும் அமைதியும் தரும் பாடல்களாகப் பொறுக்கி எடுத்து, 1926இல் ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு வழிபாட்டு நூலைத் தொகுத்தார்.

நான்கு மாணவர்கள்

1925ஆம் ஆண்டு கோடையில் நான்கு மாணவர்கள் வூஸ்டருக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெண். பிற்காலத்தில் உடலுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பெயர் பெற்ற டாக்டர் ஹெலன் பிளாண்டர்ஸ் டன்பார்தான் அவர்.

பிரசங்கம் செய்யலாம் என்று வந்தவர்களுக்கு வார்டில் உதவியாளர் வேலை கிடைத்தது. நோயாளிகளோடு பகல் முழுவதும் இருக்க வேண்டும். உணவு, குளியல், சுத்தம் எல்லாவற்றிலும் கைகொடுக்க வேண்டும். கூடவே பாட்டு, விளையாட்டு. டாக்டர்களின் கூட்டங்களிலும் உட்கார வேண்டும். மாலையில் பாய்சனின் வகுப்பு. ஒரு நோயாளி எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார், எதற்கு வெட்கப்பட்டார், கடவுளைப் பற்றி என்ன நினைத்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

வேத நூலை எவ்வளவு கவனமாகப் படிக்கிறோமோ அவ்வளவு கவனமாக ஒரு மனிதரையும் படிக்க வேண்டும் என்பதே பாய்சனின் கொள்கை. அந்த வகுப்பில் உண்மையான ஆசிரியர் பாய்சன் அல்ல. கட்டிலில் இருந்த நோயாளிதான். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே, முதலில் கேள் என்பதுதான் அங்கே கிடைத்த முதல் பாடம்.

மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகியது. 1930 ஜனவரியில் பாஸ்டனில் இந்தப் பயிற்சிக்கென்றே ஒரு மன்றம் பதிவாயிற்று. கபோட், டன்பார், பிலிப் கைல்ஸ் முதலியோர் பாய்சனுடன் சேர்ந்து அதை நிறுவினார்கள்.

மீண்டும் விழுந்தார்

அதே 1930இல் பாய்சனின் தாயார் இறந்தார். நவம்பரில் பாய்சனுக்கு நோய் திரும்பியது. சில வாரங்களில் தெளிந்துவிட்டார். ஆனால் நடந்த சேதம் பெரிது. மனநோய்க்கு உடலே காரணம் என்று நம்பியவர் கபோட். மனப் போராட்டமும் காரணம் ஆகலாம் என்று சொன்னவர் பாய்சன். ஏற்கனவே இருந்த இந்தக் கருத்து வேறுபாட்டோடு இந்த நோயும் சேர்ந்துகொண்டது. மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பில் பாய்சன் இருக்கக் கூடாது என்று கபோட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாம் தொடங்கிய வகுப்பிலேயே அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று!

பாய்சன் சண்டை போடவில்லை. 1932இல் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாதிரியார் வேலையை ஏற்றார். அங்கும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வூஸ்டரில் அவர் விட்ட இடத்தில் அவருடைய மாணவர் கேரல் வைஸ் இருந்து பணியைத் தொடர்ந்தார்.

1935இல் ஆலிஸ் நோயுற்று மரணப்படுக்கையில் இருக்கும் செய்தி வந்தது. பாய்சன் மூன்றாம் முறையாக நோயில் விழுந்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் ஆலிஸ் மறைந்தார். அதிலிருந்தும் எழுந்து, அடுத்த ஆண்டே தம் முக்கிய நூலை வெளியிட்டார். உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்ச்சல் காண்பதுபோல, சிலருடைய மனக் கலக்கம் மனம் தன்னைச் சீர்செய்துகொள்ள எடுக்கும் முயற்சி என்று அதில் வாதாடினார். எல்லா மனநோயும் அப்படி அல்ல என்பதையும் ஒப்புக்கொண்டார்.

இன்றைய மருத்துவம் இதை முழுவதும் ஏற்பதில்லை. மனச்சிதைவில் மூளைக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. மருந்து அவசியம் என்பது இப்போது தெளிவு. ஆனால் நோயாளியின் பேச்சில் பொருள் இருக்கிறது, அதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்று அவர் சொன்னதை யாரும் தள்ளிவிடவில்லை.

ஆசிரியருக்கும் பரீட்சை

பாய்சனின் பயிற்சி பொது ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒரு தகுதி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தனித்தனியாக இயங்கிய நான்கு அமைப்புகள் 1967இல் ஒன்றாயின. கிறிஸ்தவர்களுக்காகத் தொடங்கிய இந்தப் பயிற்சிக்கு இன்று யூதர், முஸ்லிம், பவுத்தர் எனப் பல சமயத்தாரும் வருகிறார்கள். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது கற்பிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் ஒரு கட்டப் பயிற்சி என்பது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி நோயாளிகளிடம் கழிகிறது. நோயாளியிடம் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை நினைவிலிருந்து எழுதிவந்து, சக மாணவர்கள் முன் படிக்க வேண்டும். எங்கே கேட்கத் தவறினாய், எங்கே பயந்து பேச்சை மாற்றினாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

அதைக் கற்பிக்கும் சான்றிதழ் ஆசிரியராவது இன்னும் கடினம். பல ஆண்டுகள் ஆகும். மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களை நடத்திக் காட்ட வேண்டும். குழுவின் முன் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது புத்தக அறிவு மட்டும் அல்ல. தன் பலவீனத்தைத் தானே அறிந்தவரா, அதை மறைக்காமல் பேசுவாரா என்பதும் சோதிக்கப்படுகிறது.

பாய்சனுக்கோ முதுமையில் ஒரு குறை இருந்தது. பின்வந்தவர்கள் பேசும் உத்திகளில் மயங்கி, மனிதரைப் பொறுமையாக ஆராய்வதை விட்டுவிட்டார்கள் என்று வருந்தினார். 1960இல், 83 வயதில், தம் நோயின் வரலாற்றை ஒளிவுமறைவு இல்லாமல் நூலாக எழுதி வெளியிட்டார். தம்மையே ஒரு பாடமாக மாணவர்கள் முன் வைத்துவிட்டார்.

1965 அக்டோபர் 1ஆம் தேதி எல்ஜினில் பாய்சன் காலமானார். 33 ஆண்டுகளுக்கு முன் பாதிரியாராக வந்து சேர்ந்த ஊர் அது.

உறவினர் பக்கத்தில் இல்லாமல் வெளியூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு, அருகில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய மருந்து என்பது தெரியும். அப்படி உட்காருவதற்கும் பயிற்சி வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பாய்சன். அதை அவர் கற்றது கல்லூரியில் அல்ல, கட்டிலில்.