வ.உ.சி. கப்பல் கம்பெனிக்கு சட்ட ஆலோசகர் யார்? சேலம் விஜயராகவாச்சாரியாரின் கதை

பொன்னேரி பக்கம் கடலோரமாகப் போனால் எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், அனல்மின் நிலையம் என வரிசையாக நிறுவனங்கள். பழவேற்காட்டு மீனவர்கள் இப்படி ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பில் எழுந்து வாதாடுபவர் பெரும்பாலும் கம்பெனி ஊழியராக இருக்க மாட்டார். வெளியிலிருந்து ஃபீஸ் கொடுத்து அமர்த்திய வக்கீலாக இருப்பார். ஆபீசிலேயே லீகல் டிபார்ட்மென்ட் இருந்தாலும் இதுதான் வழக்கம்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியும் இதைத்தான் செய்தது. இதில் ஒரு வேடிக்கை: கம்பெனியின் உயிர்நாடியான வ.உ.சிதம்பரம் பிள்ளையே ஒரு வக்கீல். ஆனாலும் வெளியே இருந்த சிலரை சட்ட ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள். அதில் பெரிய பெயர், சேலம் சி.விஜயராகவாச்சாரியார்.

(பழவேற்காட்டில் 1610-லேயே கடை விரித்த டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி.தான். வெறும் தற்செயல்!)

யார் இவர்?

1852-ல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். அன்றைக்கு பொன்னேரியும் அந்த ஊரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். சட்ட வகுப்பில் உட்காரவே இல்லை. தானாகப் படித்துத் தேறி, 1881-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அடுத்த வருஷமே சிக்கல். 1882 சேலம் கலவரத்தைத் தூண்டியதாக அவர் மீதே வழக்கு. 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு ஊரைவிட்டே கிளம்பியிருப்பார்கள். இவர் கிளம்பவில்லை. வழக்கைக் காரணம் காட்டிப் பறித்த நகராட்சி உறுப்பினர் பதவிக்காக அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்து, பதவியைத் திரும்ப வாங்கினார். அதே கலவரத்தில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் வரை போய் வாதாடினார். பிறகு சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

அதாவது, கம்பெனி தேடிப்போனது வெறும் டாக்குமென்ட் எழுதுபவரை அல்ல. அரசாங்கத்தோடு மோதி ஜெயித்த ஒருவரை.

வக்கீலால் முடிந்ததும் முடியாததும்

10 லட்சம் ரூபாய் மூலதனம், தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள், ஆசியர்கள் மட்டுமே வாங்கலாம் என்ற நிபந்தனை. இப்படி ஒரு கம்பெனியைப் பதிவு செய்ய, பங்கு விற்க, ஒப்பந்தம் போட சட்டம் தெரிந்த ஆள் வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஆர்வம் கண்ணை மறைக்கலாம். வெளி ஆள் நிதானமாகப் படித்துப் பார்ப்பார்.

ஆனால் எதிரி கோர்ட்டில் சண்டை போடவில்லை. முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்த பம்பாய் ஷா லைன் உரிமையாளரை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி மிரட்டி, குத்தகையை ரத்து செய்ய வைத்தது. வழக்குப் போட்டால் தீர்ப்பு என்றைக்கோ வரும். அதுவரை பயணிகளை எதில் ஏற்றுவது? வ.உ.சி. இலங்கையில் கப்பல் பிடித்து ஓட்டினார். பிறகு 'காலியா', 'லாவோ' என்று சொந்தக் கப்பல்களே வந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசப் பயணம் என்றது. இதற்கு எந்த சட்டப் பிரிவில் நிவாரணம் கேட்பது?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ராஜதுரோக வழக்கில் 40 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கம்பெனியின் பதிவும் பங்குப் பத்திரங்களும் அப்படியேதான் இருந்தன. நடத்த ஆள்தான் இல்லை. 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல் ஒன்றை வாங்கியது அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.

விஜயராகவாச்சாரியாரின் பயணம் தொடர்ந்தது. 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவர். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்கச் சொன்ன ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது அந்த மாநாட்டில்தான்! வாழ்நாளெல்லாம் கோர்ட்டை நம்பிய அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. காந்தியோடு கருத்து வேறுபட்டார். 1944 ஏப்ரலில், 91 வயதில் காலமானார்.