வென்றவருக்கே அடைக்கப்பட்ட கதவு: கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம்

2011-இல் ஜொகூர் ஹொரைசன் ஹில்ஸ் திடலில் இஸ்கந்தார் ஜொகூர் பொதுக் கோல்ஃப் போட்டியை வென்ற ஜோஸ்ட் லூய்டனை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெதர்லாந்துக்காரரான அவர், பிறகு 2013, 2016 ஆண்டுகளில் சொந்த நாட்டின் பொதுப் போட்டியையும் வென்றார். ஆனால், அதே டச்சுப் போட்டியை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்ற ஓர் இந்திய வம்சாவளியினரை நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் சேவ்சங்கர் சேவ்கோலம். செல்லப் பெயர் பாப்வா. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தது போலவே, 1860 முதல் இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தென்னாப்பிரிக்காவின் நத்தாலில், டர்பன் நகரில் 1928-இல் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளையர்களின் கோல்ஃப் திடலில் பை சுமக்கும் கேடியாக இருந்தார். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகினார். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையில் வலக்கையைக் கீழே வைப்பார்கள். இவர் இடக்கையைக் கீழே வைத்தார். எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்திவிடும் பிடி அது. நல்லவேளை, இவருக்குப் பயிற்சியாளர் இல்லை!

கிரஹாம் வுல்ஃப் என்ற தொழிலதிபர் அவரது திறமையைக் கண்டு 1959-இல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே டச்சுக் கிண்ணம் கைக்கு வந்தது.

தாய்மண்ணில் நிலைமை வேறு. 1963-இல் டர்பனில் நத்தால் பொதுப் போட்டியை வென்றார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதார் நுழையக் கூடாது. தோற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசு வாங்கினார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. 1965-இல் மீண்டும் அதே போட்டியில், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே வீழ்த்தினார். மறு ஆண்டு, நாட்டின் போட்டிகள் எதிலும் ஆடக் கூடாது என அரசு அவரைத் தடுத்தது. பார்வையாளராகக்கூட அனுமதி இல்லை. கடப்பிதழும் பறிபோனது.

அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஒருமுறை வென்றவருக்கு வாழ்நாள் அழைப்பு உண்டு. அந்த உரிமையில்தான் கேரி பிளேயர் 2009-இல், 73 வயதில், அங்கே 52-ஆவது முறையாக ஆடினார். அதில் அவர்மீது குற்றம் ஏதுமில்லை. முதியவர்கள் இளையவர்களின் இடத்தை அடைக்கிறார்கள் என்று சிலர் முணுமுணுப்பது உண்டு. அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் பாப்வா தடுக்கப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கை தளரவில்லை, ஆட்டம் குறையவில்லை. முந்தைய ஆண்டின் வெற்றியாளர் என்ற தகுதிகூட அவருக்கு வாசலைத் திறக்கவில்லை. வென்றவருக்கு இடம் உண்டா என்ற கேள்வியில் வயதை மட்டும் பேசுவோர் இவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வருமானம் நின்றது. வறுமையிலேயே, 1978 ஜூலையில், 49 வயதில் மாரடைப்பால் காலமானார். டர்பனில் நகராட்சியின் கோல்ஃப் திடல் ஒன்றுக்குப் பாப்வா சேவ்கோலம் பெயர் சூட்டப்பட்டது.