கொல்லிமலையில் ஒரு வாத்தியார்

கொல்லிமலைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, பைக் ரைடு. பைல் நாடு, வாழவந்தி நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்திருக்கும் அந்த மலைக்கு, ரோடே இல்லாத காலத்தில் போய்ச் சேர்ந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட்.

இங்கிலாந்துக்காரர். கட்டட வேலை தெரிந்தவர். டாக்டர் பட்டம் கிடையாது; வெப்பமண்டல நோய்கள் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தார், அவ்வளவுதான். 1907ல் மிஷனரியாக வந்து, 1913ல் எவெலினைக் கல்யாணம் செய்து மலையில் குடியேறினார். பள்ளிகள் தொடங்கினார். எழுத்தோடு தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தார்.

அப்போ அங்கே நரம்புச்சிலந்தி நோய் அதிகம். காலில் முளைக்கும் நீளமான புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் எடுக்கணும். ஜெஸ்ஸி அதைச் செய்தார். ஆனா எத்தனை பேருக்கு எடுப்பது? புண்ணுள்ள காலோடு கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அதைக் குடிப்பவருக்கும் நோய் வரும். இந்தச் சுழற்சியை ஊர்க்காரர்களுக்கு விளக்கி, யாரும் உள்ளே இறங்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்ப வைத்தார். மேலே நின்று வாளியால் இறைத்தால் போதும், சங்கிலி அறுந்துவிடும்.

இன்னைக்கு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால், உங்க கற்பித்தல் கொள்கையை ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்க. ஜெஸ்ஸியின் கொள்கையை அந்தச் சுவரிலிருந்தே எழுதிடலாம்: காரணத்தைப் புரிய வை, கையால் செய்ய வை, நீ இல்லாவிட்டாலும் நடக்கணும்.

அந்தக் கடைசி வரிக்கு அவர் வீட்டிலேயே சோதனை வந்தது. மகன் பாலை 9 வயதில், 1923ல், படிக்க இங்கிலாந்தில் விட்டுத் திரும்பினார்கள். அப்புறம் எல்லாப் பாடமும் கடிதத்தில்தான். மரம், பூச்சி, மலை என்று கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி, மகனையும் உற்றுப் பார்க்கப் பழக்கினார். 1929ல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். இறந்த செய்தி தந்தியில் முதலில் போய்ச் சேர்ந்தது; அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அப்பாவும் மகனும் மறுபடி சந்திக்கவே இல்லை.

பால் முதலில் கட்டட வேலை கற்றார், பிறகு மருத்துவம். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே தேய்கின்றன என்று, ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் தேடிக் காட்டினார். மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதோடு நிற்காமல், தினமும் தங்கள் கையைத் தாங்களே பரிசோதிக்க நோயாளிகளைப் பழக்கினார். கிணற்றுச் சுவர் போட்ட அதே யோசனைதானே?

உங்க ஜூனியர் லேபில் மாட்டிக்கிட்டா என்ன செய்றீங்க? போர்டைப் பிடுங்கி நீங்களே வயரை மாட்டிக் கொடுத்தா அன்னைக்கு அவுட்புட் வந்துடும். அடுத்த வாரம் நீங்க இருக்க மாட்டீங்க. உங்க கொள்கையை எழுத உட்காரும்போது, முதல்ல அந்த அடுத்த வாரத்தை யோசிங்க.