முத்துலட்சுமி அம்மையார்

உடன்பிறந்தாரை இழந்தோர் அழுது ஆற்றுவர். நாள் செல்லச் செல்ல அத்துயர் தேய்ந்து மறையும். தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் அறமாக மாற்றுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்றுக் கற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார்.

1923இல் அவர்தம் தங்கை புற்றுநோயால் மாண்டார். பிறர் உயிரைக் காக்கும் மருத்துவர், தம் வீட்டு உயிரைக் காக்க வழியின்றி நின்றார். இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை காண வேண்டும் என்னும் உறுதி அவருள்ளத்தில் வேரூன்றியது. தீராத நோய்க்குப் பொருள் செலவிடுதல் வீண் என்று கருதியோர் பலர். அம்மையார் தளர்ந்தாரல்லர். சட்டமன்றப் பணி, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் ஆகியவற்றினிடையேயும் அவ்வுறுதியை மறந்தாரல்லர். இந்திய மாதர் சங்கத்தின் துணையொடு நிதி திரட்டினார். 1952இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. முப்பதாண்டுக் கனவு நனவாயிற்று.

1957இல் கோபால்ட்டுக் கதிர்க்கருவி அங்கு வந்தது. கத்தி தீண்டாமலே உடலுள் ஊடுருவி, நோயணுக்களை அழிக்கவல்லது அக்கதிர். கதிர் மருத்துவம் கட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. இடப்பக்க விலாவின் கீழ் உள்ளது மண்ணீரல். முதிர்ந்த குருதியணுக்களைக் களைவது அதன் தொழில். சிலவகைக் குருதிப் புற்றுநோயில் அது பெரிதும் வீங்கி, நல்ல அணுக்களையும் மிகுதியாக அழிக்கும். வயிறு கனத்து வலிக்கும். அறுவை தாங்காத நோயாளர்க்கு, சிறிது சிறிதாகக் கதிரைச் செலுத்தி வீக்கத்தைச் சுருக்குவர். அளவு மிகின் குருதியணுக்கள் பெரிதும் குறைந்துவிடுமாதலின், நாள்தோறும் குருதியை ஆய்ந்தே செலுத்துவர்.

வைகைக் கரைச் சிற்றூர்களில் வாழும் உழவர்க்கு அடையாறு நெடுந்தொலைவு. இன்றோ மதுரை நகரிலேயே கதிர் மருத்துவம் பெறலாம். ஆயினும், இந்நோயும் மருத்துவத்திற்கு உரியதே என்னும் நம்பிக்கையைத் தமிழகத்தில் விதைத்தோருள் முன்னின்றவர் அம்மையாரே.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார். ஒரு தங்கையைக் காக்க இயலாத கைகள் எழுப்பிய மருத்துவமனை, எண்ணற்ற தங்கையரைக் காத்து நிற்கின்றது.